குமரி மாவட்டம் இன்னும் பச்சையாதான் இருக்காம்!

தேரூர்க்காரன்: நேத்து மேப்பு மாஸ்டர் இங்க ரெண்டு சாட்டிலைட் படம் போட்டு, 1990-லயும் பச்சை இப்பவும் பச்சை, வயல் போச்சுன்னு சொல்லுறவனெல்லாம் சும்மா கூப்பாடு போடுறான்னு எழுதியிருந்தாரு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. வோய், லேண்ட்சாட் சாட்டிலைட் படத்துல ஒரு கட்டம், அதாவது ஒரு பிக்சல், 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதுக்குள்ள என்ன இருந்தாலும் ஒரே நிறம்தான். கணக்கு போட்டா 22 சென்ட். நம்மூருல 5 சென்ட்ல வீடு, சுத்தி தென்னை. அந்த 22 சென்ட்டும் உம்ம மேப்புல தோப்புதான்! வயலுல மண்ணடிச்சு வாழை வச்சு, அப்புறம் தென்னை வச்சு, கடைசில பிளாட் போட்டாலும் உமக்குப் பச்சைதான்.

மேப்பு மாஸ்டர்: எந்தக் காலத்துல இருக்கீங்க அண்ணாச்சி? சென்டினல்-2ன்னு புது சாட்டிலைட் இருக்கு, அதுல கட்டம் 10 மீட்டர், ரெண்டரை சென்ட். இலவசமா கிடைக்குது. கொஞ்சம் படிச்சிட்டு வாங்க.

தேரூர்க்காரன்: படிச்சிட்டுதான் வந்தேன். சென்டினல்-2 மேல போனது 2015-ல. நீரு 1990-ன்னுதான போட்டீரு? அப்போ அது 30 மீட்டர் லேண்ட்சாட் படம். 22 சென்ட் கட்டத்தையும் ரெண்டரை சென்ட் கட்டத்தையும் பக்கத்துல வச்சு ஒண்ணும் மாறலன்னு சொல்லுகீரு.

கும்பப்பூ: ரெண்டு பேரும் எதை அளக்கீங்கன்னு முதல்ல சொல்லுங்க. 2011 சென்சஸ்படி நம்ம மாவட்டத்துல 82 சதவீதம் பேர் நகரவாசி. பேரூராட்சில தோப்புக்குள்ள இருக்கவங்களும் அதுல சேர்த்தி. அப்போ நகரம்னா கட்டடமா, ஆளா?

தேரூர்க்காரன்: அது கிடக்கட்டும் தம்பி. 22 சென்ட்டுக்கு அவர பதில் சொல்லச் சொல்லும்.

மேப்பு மாஸ்டர்: நகரம் வீங்கிடுச்சுன்னு நீங்க போன மாசம் ஷேர் பண்ண, கட்டடத்த சிவப்பா காட்டுன மேப்பு மட்டும் யோக்கியமா? ரெண்டு மழையும் நமக்கு உண்டு, மேகமில்லாத படம் வேணும்னா ஜனவரி டூ மார்ச்தான். கும்பப்பூ நெல்லு அறுத்துப் போட்ட வயலுல காஞ்ச மண்ணும் கான்கிரீட்டும் சாட்டிலைட்டுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு. வெறும் வயல கட்டடம்னு எண்ணி ஒப்பாரி வச்சீங்க.

குலசேகரம் ரப்பர்: அதே மாசம்தான் எங்க ரப்பரும் இலை உதிர்க்கும், அதையும் மொட்டையா காட்டியிருப்பாங்க. நாஞ்சில்நாட்டுக்காரங்களுக்கு நெல்லு வெளைஞ்சாதான் நிலம். எங்க ஏலா, அதான் நெல்வயல், எல்லாம் ரப்பரும் வாழையுமா மாறுனப்ப ஒருத்தர் வாயத் திறந்தீங்களா?

தேரூர்க்காரன்: நீங்களே நட்ட ரப்பருக்கு நாங்க எதுக்குவே வாயத் திறக்கணும்? என் வயலுக்குத் தண்ணி வந்த கால்வாய பக்கத்து பிளாட்காரன் மண்ணடிச்சு மூடிட்டான், ரெண்டு பூவு, ரெண்டு போகம் நெல்லு விளைஞ்ச இடம், இப்போ களை மண்டிக் கிடக்கு, மாஸ்டர் படத்துல அதுவும் பச்சை. ஆகாயத்தாமரை மூடுன குளமும் பச்சை. பச்சைய அளக்க என்டிவிஐன்னு ஒரு கணக்க பெருமையா சொல்லுகீரே, அது இலை சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் எவ்வளவு திருப்பி விடுதுன்னு ஒப்பிட்டுத்தான் பாக்கும், நெல்லா களையான்னு கேக்காது. அதுவும் 22 சென்ட்டுக்கு ஒரே நம்பர்!

மேப்பு மாஸ்டர்: திரும்பத் திரும்ப 22 சென்ட். ஒரு வருசத்துல பல தேதி படம் எடுத்தா நெல்லோட பச்சை ஏறி இறங்குறது தனியா தெரியும், தென்னையோடது அப்படியே நிக்கும். இது தெரியாம எனக்குப் பாடம் எடுக்காதீங்க. உங்க சர்வே நம்பர தாங்க, எடுத்துக் காட்டுகேன்.

தேரூர்க்காரன்: அப்படி எடுத்தா போட்டீரு? ரெண்டே படம்தான போட்டீரு? சர்வே நம்பர் தாறேன், 1990-ஐயும் 10 மீட்டர்ல எடுத்துக் காட்டும்.

மேப்பு மாஸ்டர்: இது விதண்டாவாதம்.

குலசேகரம் ரப்பர்: ஏலாவுக்கு இன்னும் பதில் வரல.

தேரூர்க்காரன்: 22 சென்ட்டுக்கும்தான் வரல.