முதுகுத் தண்டுக் கால்வாய்ச் சுருக்கம்: சிறுதுளை அறுவைச் சிகிச்சை போதுமா, ஸ்க்ரூ வைத்தே ஆக வேண்டுமா?

கேட்டவர்: கொள்ளிடத்துக்காரன்

மருத்துவம் அறிந்தவர்களுக்கும் இந்த நோயைக் கடந்து வந்தவர்களுக்கும் வணக்கம்.

என் தந்தைக்கு வயது 71. கடந்த ஓராண்டாக, வீட்டை விட்டு இறங்கிக் கடைவீதியை நெருங்குவதற்குள் இரண்டு கெண்டைக்கால்களிலும் குடைச்சல் தொடங்கி, பிறகு பாதம் வரை மதமதப்பு பரவிவிடுகிறது. மருந்துக்கடைப் படியில் சற்று நேரம் உட்கார்ந்தால் அடங்கிவிடும். எழுந்து நடந்தால் மறுபடியும் அதே கதை. ஆனால் மிதிவண்டியில் பெரிய கோயில் வரை சென்று திரும்புவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை என்பதுதான் எங்களுக்குப் புரியாத புதிராக இருந்தது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல் 4 – எல் 5 மட்டத்தில் (கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையில்) கடுமையான சுருக்கம், எல் 3 – எல் 4 மட்டத்தில் மிதமான சுருக்கம், அத்துடன் நான்காவது எலும்பு ஐந்தாவதன் மீது முதல் நிலை (மிகக் குறைந்த நிலை) அளவுக்கு முன்னோக்கி நழுவியிருக்கிறது என்று உள்ளது. முதலில் பார்த்த மருத்துவர், முதுகைத் திறந்து எலும்பை எடுத்துவிட்டு ஸ்க்ரூ, ராடு வைத்து இணைக்க வேண்டும் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர், குழாய் வழியாக நரம்பை விடுவித்தால் போதும், ஸ்க்ரூ தேவைப்படாது என்கிறார். இருவருமே அனுபவசாலிகள். தந்தைக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இதயத்துக்காக ஆஸ்பிரினும் எடுத்துக்கொள்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, இன்னும் சிறிது காலம் பொறுத்துப் பார்க்கலாமா என்பதை விவரமறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: தண்டுவட மருத்துவன்

படங்களைப் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது. எனினும் முடிவெடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

நீங்கள் புதிர் என்றீர்களே, அந்த மிதிவண்டிதான் நோயைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது கீழ்முதுகு பின்னோக்கி வளைகிறது. அப்போது நரம்புகள் செல்லும் கால்வாயின் பின்புறம் இருக்கும் தடித்த மஞ்சள் தசைநார் உள்நோக்கி மடிந்து, ஏற்கெனவே குறுகிய இடத்தை இன்னும் குறுக்கிவிடுகிறது. முன்னால் குனிந்தால், அதாவது உட்கார்ந்தாலோ மிதிவண்டியின் கைப்பிடியைப் பிடித்தாலோ, அந்த நார் இழுபட்டு இடம் கொஞ்சம் விரிகிறது. காலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். ஆனால் அந்த நோயில் நடப்பதை நிறுத்தி நின்றாலே வலி தணியும், உட்காரவோ குனியவோ வேண்டியதில்லை. மிதிவண்டி மிதித்தாலும் வலிக்கும். சர்க்கரை நோயாளி என்பதால், பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நோயும் சேர்ந்தே இருப்பவர்கள் உண்டு.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். மருத்துவர்கள் இருவரும் வேறுபடுவது தழும்பின் நீளத்தில் அல்ல, நழுவிய எலும்பை இணைக்க வேண்டுமா என்பதில்தான். பல ஆண்டுகளாக, நழுவல் இருந்தால் இணைப்பு வேண்டும் என்பதே பொது வழக்கமாக இருந்தது. 2016இல் ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. நழுவல் இருந்தவர்களிலும் இல்லாதவர்களிலும், நரம்பை விடுவிப்பதோடு இணைப்பையும் சேர்த்துச் செய்ததால் இரண்டாண்டு முடிவில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு, இணைப்பு செய்தவர்களின் உடல்நலத்தில் சற்றே கூடுதல் முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது. 2021இல் நார்வேயில் நழுவல் உள்ள 267 பேரை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வில் இரு பிரிவிலும் 100க்கு 70 பேருக்குச் சற்று அதிகமானோர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் பெற்றனர். நரம்பை மட்டும் விடுவித்தவர்களுக்கு மறு அறுவை சிறிது அதிகமாகத் தேவைப்பட்டது, இணைப்பு செய்தவர்களுக்கு அறுவை நேரமும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் கூடின. ஆகவே முதல் நிலை நழுவல் என்ற ஒரே காரணத்துக்காக ஸ்க்ரூ வைத்தே ஆக வேண்டும் என்று இன்று சொல்வதற்கில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முன்னும் பின்னும் வளைந்து நின்று எடுக்கும் எக்ஸ்-ரேயில் அந்த எலும்பு அதிகமாக அசைந்தாலோ, கால் வலியை விட முதுகு வலியே அவரை முடக்கினாலோ, நரம்பு வெளியேறும் பக்கத்துளையே நழுவலால் நசுங்கியிருந்தாலோ, முதல் மருத்துவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுப்பது. நிற்கும்போது எலும்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதை அது முழுமையாகக் காட்டாது. அந்த எக்ஸ்-ரே எடுத்திருக்கிறார்களா?

குழாய் முறையில் நடப்பது இதுதான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்-ரே கருவியால் சரியான மட்டத்தை உறுதிசெய்து, நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் கீறல் போடுவோம். தசையை எலும்பிலிருந்து உரித்தெடுக்காமல், ஒன்றன் மேல் ஒன்றாகப் பெரிதாகும் குழல்களைச் செருகி இழைகளை விலக்கி, கடைசியாகப் பெருவிரல் பருமனுள்ள ஒரு குழாயை நிலைநிறுத்துவோம். அதன் வழியே நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் எலும்பின் கீழ்விளிம்பைத் துருவி, தடித்த மஞ்சள் நாரைத் துண்டு துண்டாக எடுப்போம். பிறகு குழாயை உள்நோக்கிச் சாய்த்து, மேசையையும் சரித்து, நரம்புப் பையின் மேலாக மறுபக்கத்துக்குச் சென்று அங்குள்ள நாரையும் எடுத்துவிடலாம். ஒரே பக்கத்துக் கீறலில் இருபுறமும் விடுதலை கிடைக்கும். நடு முள்ளும் அதைப் பிடித்திருக்கும் நார்களும் மறுபக்கத் தசையும் அப்படியே இருக்கும். ஏற்கெனவே நழுவிய எலும்பு மேலும் நழுவாமல் பிடித்துவைப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்கு இந்த முறையின் உண்மையான ஆதாயம் அதுவே. சின்னத் தழும்பு விளம்பரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

பதில்: ஓய்வுபெற்ற தபால்காரர்

ஐயா, எனக்கும் இதே மட்டத்தில்தான், நழுவல் இல்லாமல். குழாய் முறையில் செய்துகொண்டேன். மறுநாள் காலையில் எழுந்து நின்றபோது, கெண்டைக்காலில் இத்தனை காலம் இருந்த அந்த இழுப்பு வரவில்லை. வார்டின் கோடியில் உள்ள ஜன்னல் வரை போய்த் திரும்பினேன். உட்கார இடம் தேடவில்லை.

ஆனால் பாதத்தின் மதமதப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. செருப்பு கழன்றால் சில நேரம் தெரிவதில்லை. அறுவைக்கு முன்பே மருத்துவர் இதைச் சொல்லியிருந்தார்: நடக்கும்போது வரும் குடைச்சல் நன்றாகக் குறையும், மரத்துப்போனது மெதுவாகத்தான் திரும்பும், சில சமயம் திரும்பாமலும் போகலாம், பழைய முதுகு வலிக்கு உத்தரவாதமில்லை என்று. அப்படிச் சொல்லாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்குப் புராஸ்டேட் வீக்கம் உண்டு. அறுவைக்காகச் சிறுநீர் வெளியேற வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு சிறுநீர் இறங்காமல் மறுபடியும் குழாய் போட வேண்டியதாயிற்று. தண்டுவட அறுவையால் நரம்பு போய்விட்டதோ என்று வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். உங்கள் தந்தைக்கும் அந்தத் தொல்லை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில்: இயன்முறை மருத்துவர், திருச்சி

பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காலில் பலவீனம் கூடாமல், சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் இல்லாமல் இருந்தால் பொறுக்கலாம். பெரும்பாலானோருக்கு இது திடீரென்று முற்றும் நோய் அல்ல. அமெரிக்காவில் 169 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஒப்புக்கொண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு முதலில் இயன்முறைச் சிகிச்சை தரப்பட்டது; இரண்டாண்டு முடிவில் இரு பிரிவின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் இயன்முறைப் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் இடையிலேயே அறுவைக்கு மாறிவிட்டனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த உண்மையை விட்டுவிட்டு எங்கள் துறையினர் சிலர் இதை மேற்கோள் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சோடு அணைக்கும் பயிற்சி, வயிற்றுத் தசைக்கான பயிற்சி, அவருக்குப் பிடித்த மிதிவண்டி ஆகியவற்றைத் தொடரலாம். முதுகைப் பின்னால் வளைக்கும் புஜங்காசனம் போன்றவற்றை இப்போது தவிர்க்கச் சொல்லுங்கள். டிஸ்க் வலிக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததை இவர்களும் செய்துவிட்டு, வலி கூடியது என்று வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி யாராவது சொல்வார்கள். 2014இல் 400 பேரிடம் செய்த ஆய்வில், ஆறு வாரங்களில் வெறும் மரப்பு மருந்து போட்டவர்களைவிட ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டவர்களுக்குச் சொல்லத்தக்க கூடுதல் பலன் இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும்.

கேட்டவர்: கொள்ளிடத்துக்காரன்

அனைவருக்கும் நன்றி. எக்ஸ்-ரே எடுத்தோம், குனிந்தாலும் நிமிர்ந்தாலும் நழுவலில் பெரிய மாற்றமில்லை என்றே அறிக்கை சொல்கிறது. பாதத்தில் நாடி நன்றாக இருக்கிறது. இதற்கிடையில் உறவினர் ஒருவர், கத்தியே படாமல் லேசரில் செய்கிறார்கள் என்றும், இன்னொருவர் எலும்பு முட்களுக்கு நடுவே ஒரு சிறு கருவியைச் செருகினால் போதும் என்றும் சொல்கிறார்கள். அவற்றையும் பரிசீலிக்கலாமா?

பதில்: தண்டுவட மருத்துவன்

உங்கள் தந்தையின் கால்வாயை அடைத்திருப்பது தடித்த நாரும் புடைத்த மூட்டு எலும்பும்தான். அவற்றை எடுத்து வெளியே போட்டால்தான் இடம் கிடைக்கும். லேசர் என்ற சொல் அந்த வேலையைச் செய்யாது. பல இடங்களில் அந்தப் பெயரில் நடப்பது வேறு சிகிச்சை.

முட்களுக்கு நடுவே வைக்கும் கருவி, முதுகைக் குனிந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் உத்தி. கருத்தளவில் அழகானது. ஆனால் நெதர்லாந்தில் 159 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வழக்கமான நரம்பு விடுவிப்பைவிட இந்தக் கருவி வைத்தவர்களுக்கு மறு அறுவை மூன்று மடங்குக்கும் மேலாகத் தேவைப்பட்டது. நழுவல் உள்ள, எலும்பு தேய்ந்த வயதில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எண்டோஸ்கோப் முறை வேறு. கொரிய மருத்துவர்கள் பெரிதும் வளர்த்தெடுத்த இரட்டைத் துளை முறை (ஒரு துளையில் கேமரா, மற்றதில் கருவி) நல்ல கைகளில் குழாய் முறைக்கு இணையான பலனைத் தருகிறது. உங்கள் இரண்டாவது மருத்துவர் எதை அடிக்கடி செய்கிறாரோ அதையே செய்யட்டும்.

அசைவில்லாத முதல் நிலை நழுவல், கால் குடைச்சலே முதன்மை என்றால், நான் இரண்டாவது மருத்துவரின் பக்கமே சாய்வேன். அவரிடம் மூன்றைக் கேளுங்கள். எல் 3 – எல் 4 மட்டத்தையும் சேர்த்துத் திறக்கப் போகிறாரா, ஏன்? நரம்புப் பையின் உறை கிழிந்தால் என்ன செய்வார்? இது அரிய விபத்து அல்ல. முதியவர்களுக்கு நார் உறையோடு ஒட்டியிருக்கும், கிழிந்தால் அடைத்துவிட்டுச் சில நாட்கள் படுக்கையில் வைப்பதும் உண்டு. பின்னாளில் நழுவல் கூடினால் அடுத்த வழி என்ன? மூன்றாவதற்குத் தயங்காமல் பதில் சொல்பவர், முதல் அறுவையிலேயே அதற்கு இடம் வைத்திருப்பார்.

அறுவைக்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நல்லது. இல்லையெனில் புண் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் கலந்து பேசி நாள் குறிப்பார்கள். இடைப்பட்ட நாட்களில் பாதம் தொங்கத் தொடங்கினாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, சட்டைப் பொத்தான் போடுவதிலோ பேனா பிடிப்பதிலோ அவருக்குத் தடுமாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், கழுத்திலும் சுருக்கம் இருக்குமானால் முதலில் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் அதைத்தான்.