டயர் தூள் கலந்த தகடு வளைத்ததும் உடைகிறது, அவசரம்!

தகட்டுக்காரன்:
வணக்கம். பழைய டயர் தூளை பிளாஸ்டிக்கில் கலந்து எக்ஸ்ட்ரூடரில் (உருக்கித் தள்ளும் மெஷின்) ஓட்டித் தகடு போட்டேன். ரப்பர் சேர்ந்தால் நன்றாக வளையும் என்றுதானே சொல்கிறார்கள்? கையால் லேசாக வளைத்தாலே பட்டென்று இரண்டாகிறது. இரண்டையும் ஒட்டவைக்கிற கப்ளிங் ஏஜென்ட்கூடப் போட்டிருக்கிறேன். இந்த வாரம் மாதிரி காட்டியாக வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

குருணை:
எந்த பிளாஸ்டிக்? தூள் எத்தனை மெஷ் (சல்லடை எண், கூடக்கூட தூள் நுண்ணியது)? எத்தனை சதவீதம்? இது தெரியாமல் ஜோசியம்தான் பார்க்கலாம்.

உலர்த்தி:
ஈரம். தூளை 80 டிகிரியில் சில மணி நேரம் காய வைத்தீர்களா? உடைந்த இடத்தில் ஊசிமுனை ஓட்டைகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழைய_ரோலர்:
உலர்த்திக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள். டயர் ரப்பர் கந்தகம் போட்டு வல்கனைஸ் செய்தது, அதாவது மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்தது. சூடு ஏற்றினால் உருகாது, கெட்டுப்போய் நாறத்தான் செய்யும். நீங்கள் கலந்தது கருப்பு மணல்.

தகட்டுக்காரன்:
எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்). 30 மெஷ். 40 சதவீதம்.

குருணை:
30 மெஷ் என்றால் மணி அரை மில்லிமீட்டருக்கும் மேலே இருக்கும். ஒட்டாத மணி ஒவ்வொன்றிலும் விரிசல் தொடங்கும். உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள். மணிமேல் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறதா, இல்லை மணி முழுசாகக் கழன்று எதிர்ப் பாதியில் குழி மட்டும் தெரிகிறதா? அப்புறம், கப்ளிங் ஏஜென்ட் எது?

பனிப்பொடி:
திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அரைத்த தூளுக்கு மாறுங்கள். மணி நுண்ணியதாக, சீராக வரும்.

பழைய_ரோலர்:
வழவழப்பாகவும் வரும். பிளாஸ்டிக் எதைப் பிடித்துக்கொள்ளும்? சாதாரணமாக அரைத்த தூளுக்குத்தான் சொரசொரப்பு.

பனிப்பொடி:
அரைக்கிற சூட்டில் அதன் மேற்பரப்பு ஆக்ஸிஜனேற்றம் ஆகிறதே, அதைச் சொல்ல மாட்டீர்களா?

பழைய_ரோலர்:
ஆகட்டுமே! கப்ளிங் ஏஜென்ட்களில் வரும் மாலியிக் அன்ஹைட்ரைடு பற்றிக்கொள்ள அதுதான் இடம் கொடுக்கிறது. நான் இதெல்லாம் எழுதி எழுதிக் கை வலித்தாயிற்று.

குருணை:
நீங்கள் இருவரும் தனி இழை தொடங்கலாமே. கேட்டவரையே காணோம்.

தகட்டுக்காரன்:
இருக்கிறேன், மெஷினில் மாட்டிக்கொண்டேன். லென்ஸில் குழி குழியாகத்தான் தெரிகிறது. கப்ளிங் ஏஜென்ட் பையில் ‘மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீன்’ என்று இருக்கிறது.

குருணை:
பிடிபட்டது. அது பாலிப்ரொப்பிலீனுக்கானது, எச்டிபிஇ-யோடு சேராது. பாலிஎத்திலீனில் ஒட்டிய வகையைப் போடுங்கள். தூளையும் 80 மெஷ்ஷாக எடுத்து 20 சதவீதத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றமாகச் செய்து பாருங்கள்.

தகட்டுக்காரன்:
எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிட்டேன். வளைகிறது! நன்றி. உள்ளே சின்னச் சின்ன ஓட்டை மட்டும் இருக்கிறது, பரவாயில்லை.

குருணை:
ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? சரி, விடுங்கள்.

உலர்த்தி:
ஓட்டையா? நான் முதலிலேயே சொன்னேன்.