ஈ.பி.எஸ். (எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) லைட் எரிஞ்சு ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆகுது: ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் தண்டு) அசெம்பிளியே மாத்தணுமா?

எண்ணூர்க்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 96,000 கிலோமீட்டர். பவர் ஸ்டீயரிங் மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில, ஸ்டீயரிங் காலத்துலயே உட்கார்ந்திருக்கிற வகை. மழை முடிஞ்சதுல இருந்து ரெண்டு பிரச்சனை. ஏசி, ஹெட்லைட் ரெண்டும் ஓடுறப்போ பார்க்கிங்ல முழுசா ஒடிச்சா ஈ.பி.எஸ். லைட் எரியுது, ஸ்டீயரிங் இறுகிடுது. ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது. நேர் ரோட்டுல ஒரு தடவைகூட வரல. இன்னொண்ணு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி போட்ட பள்ளத்துல இறங்கும்போது ஸ்டீயரிங்குல "டக் டக்"னு சத்தம். ஸ்கேன் பண்ணதுல வோல்டேஜ் குறைவுன்னு ஒரே ஒரு எரர் கோடுதான் (code) வந்துச்சு. சர்வீஸ்ல காலம் அசெம்பிளியோட மாத்தணும், 42,000 ரூபாய்னு சொல்றாங்க. மாத்திடலாமா?

ராயபுரம் வயரிங்:
மாத்தாதீங்க தம்பி. முழுசா ஒடிக்கும்போது மட்டும் வருது, ரீஸ்டார்ட்ல போயிடுது, கோடும் வோல்டேஜ் குறைவுன்னே சொல்லுது. ஈ.பி.எஸ். யூனிட் கெட்டதுக்கான அடையாளம் இது இல்ல, யூனிட்டுக்குக் கரண்ட் போய்ச் சேரலைங்கிறதுக்கான அடையாளம்.

வண்டி நிக்கும்போது சக்கரத்தை ஒடிச்சா அந்த மோட்டார் 30, 40 ஆம்பியர், சில வண்டியில அதுக்கும் மேல இழுக்கும். லைன்ல எங்கயாவது 0.05 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே 40 ஆம்பியர்ல 2 வோல்ட் காணாமப் போயிடும், அந்த ஜாயின்ட் 80 வாட் சூடாகும். யூனிட்டுக்கு வர்ற வோல்டேஜ் 9, 10-க்குக் கீழ இறங்கினா பல யூனிட் அசிஸ்டை (மோட்டார் கொடுக்கிற உதவியை) நிறுத்திடும். மல்டிமீட்டர்ல ஓம் வச்சுப் பார்த்து "லைன் நல்லாருக்கு"ன்னு சொல்லிடுவாங்க. மீட்டரோட வயரே 0.2 ஓம் காட்டும், அதுல 0.05 எப்படித் தெரியும்? டெஸ்ட் லேம்பும் அப்படித்தான், பத்து இழையில ஒரு இழை மிச்சமிருந்தாலும் பளிச்சுனு எரியும். அதனால லோடு கொடுத்துத்தான் பார்க்கணும்.

இன்ஜின் ஐடிலிங், ஏசி, ஹெட்லைட் ஆன். காய்ஞ்ச சிமெண்டுத் தரையில ஒருத்தர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மெதுவா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குத் திருப்பட்டும். கோடியில பிடிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது, மோட்டார் சூடாகி யூனிட்டே அசிஸ்டைக் குறைக்கும், ரீடிங் தப்பா வரும். மீட்டரை மின்/மேக்ஸ்ல (Min/Max) போடுங்க, சட்டுனு விழுற வோல்டேஜைச் சாதாரண டிஸ்ப்ளே பிடிக்காது.

மூணு ரீடிங் வேணும். பேட்டரி ப்ளஸ்–மைனஸ் நடுவுல. பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஈ.பி.எஸ். கனெக்டரோட தடிச்ச ப்ளஸ் வயர் வரைக்கும். அதே கனெக்டரோட தடிச்ச மைனஸ் வயர்ல இருந்து பேட்டரி மைனஸ் வரைக்கும். கனெக்டரைக் கழட்டாம பின்பக்கமா ஊசி விட்டு எடுங்க, கழட்டினா லோடே இருக்காது. பின்னது ரெண்டும் 0.3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 0.5 தாண்டினா கோளாறு அந்தப் பக்கம். முதல் ரீடிங்கே 12-க்குக் கீழ போனா பேட்டரி, ஆல்டர்னேட்டர் பெல்ட்டுல ஆரம்பிங்க.

திருவொற்றியூர் சஸ்பென்ஷன்:
அண்ணன் சொன்னதை முதல்ல முடிங்க. "டக் டக்" வேற கேஸ், ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் 42,000 சொல்லியிருக்காங்க.

இந்த வகை மோட்டாருக்கும் வார்ம் கியருக்கும் (திருகு மாதிரி இருக்கிற பல் சக்கரம்) நடுவுல நட்சத்திர வடிவத்துல ஒரு சின்ன கப்ளிங் இருக்கும், ரப்பர் மாதிரி. வருஷம் ஆக ஆக நொறுங்கித் தூளாயிடும். மெக்கானிக்கல் தேய்மானம்ங்கிறதால லைட்டும் எரியாது, கோடும் வராது. இன்ஜினை ஓடவிட்டு, நின்ன இடத்துலயே ஸ்டீயரிங்கை நடுவுல வச்சு இடவலமா சின்னதா, வேகமா ஆட்டுங்க. காலத்து மேல கை வச்சா தட்டுறது தெரியும். தட்டல் பெடல் பக்கம் கீழ யுனிவர்சல் ஜாயின்ட்டுல (ஸ்டீயரிங் தண்டு மடங்குற மூட்டு) தெரிஞ்சா கப்ளிங் இல்ல, ஜாயின்ட். வியாசர்பாடி கணேசபுரம் சப்வே தண்ணியில இறங்கி ஏறின வண்டியில அந்த ஜாயின்ட் துருப்பிடிச்சு இறுகியும் போகும். அப்போ வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானா நடுவுக்குத் திரும்பாது.

கப்ளிங் பல வண்டிக்குத் தனியாவே கிடைக்குது, விலையும் கம்மி. வேலைதான் பெருசு. சக்கரத்தை நேரா வச்சு, பேட்டரி மைனஸைக் கழட்டி 3 நிமிஷமாவது காத்திருங்க, ஏர்பேக் இருக்கு. ஸ்டீயரிங் வீலை சீட் பெல்ட்டால கட்டிடுங்க. காலம் கழண்டிருக்கும்போது வீல் சுத்திட்டா உள்ள இருக்கிற கிளாக் ஸ்பிரிங் (வீலுக்குக் கரண்ட் கொண்டு போற சுருள் வயர்) அறுந்துடும், அப்புறம் ஹாரனும் ஏர்பேக்கும் போச்சு. ஜாயின்ட் ஸ்ப்லைன்ல (தண்டுல இருக்கிற பல் வெட்டு) பெயிண்ட்டால கோடு போட்டுட்டுப் பிரிங்க. மோட்டாரைக் கழட்டினதும் பழைய தூளை முழுசா எடுங்க, புதுக் கப்ளிங்ல பெட்ரோலிய கிரீஸ் தடவாதீங்க, ரப்பர் ஊறிடும். ஜாயின்ட் போல்ட்டு புதுசு போட்டு, மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு (முறுக்கு அளவு) டார்க் ரெஞ்ச் வச்சே முறுக்குங்க. அந்த ஒரு போல்ட்டு லூஸானா ஸ்டீயரிங்கே கையில இருக்காது.

எண்ணூர்க்காரன்:
எடுத்துட்டேன் அண்ணா. பேட்டரி 12.9. ப்ளஸ் பக்கம் 0.2. மைனஸ் பக்கம் 2.8! நின்ன இடத்துல ஆட்டினா காலத்துல தட்டுது, கீழ ஜாயின்ட்டுல ஒண்ணும் இல்ல.

ராயபுரம் வயரிங்:
கணக்குப் போட்டுப் பாருங்க, யூனிட்டுக்குக் கிடைச்சது 9.9 வோல்ட்தான். இப்போ ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயே வச்சுக்கிட்டு, இன்னொரு முனையை ஒவ்வொரு ஜாயின்ட்டா நகர்த்துங்க: பாடி தகரம், எர்த் போல்ட்டு, வயர் லக் (வயர் முனையில இருக்கிற உலோக வளையம்), அப்புறம் கனெக்டர். லோடுல எங்க ரீடிங் குதிக்குதோ அதுதான் இடம். கடல் காத்து வண்டியில பெரும்பாலும் லக்குக்கும் தகரத்துக்கும் நடுவுல பச்சைத்தூள் கிடக்கும்.

பேட்டரியைக் கழட்டிட்டு 120 நம்பர் எமரி போட்டு பளபளன்னு தகரம் தெரியத் தேய்ங்க, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கிட்டு மேல வாசலின் பூசுங்க. லக்குக்குள்ள செம்பு கறுத்திருந்தா வெளிச்சமான செம்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு, அதே அளவு லக்கை கிரிம்ப் பண்ணுங்க (பிளையர்ல நசுக்கிப் பிடிக்க வைங்க). ஈயம் ஊத்தாதீங்க, வயர் அந்த இடத்துல விறைச்சு அதிர்வுல ஒடியும். பக்கத்துல கார்ப்பெட்டைத் தூக்கி அடியில இருக்கிற பஞ்சையும் அமுக்கிப் பாருங்க. தண்ணி நின்னிருந்தா வெயில்ல காயவச்சிட்டுத்தான் மூடணும், இல்லன்னா ஆறு மாசத்துல அதே போல்ட்டு மறுபடியும் பச்சையாயிடும்.

முடிச்சதும் அதே டெஸ்ட்டை மறுபடி எடுங்க. மைனஸ் பக்கம் 0.2-க்கு வந்த பிறகு கோடை அழிங்க, கப்ளிங் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்.