மறு: ஒரே மூலச்சொல் இரண்டு முறை வந்தால் அதற்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

மொழியியல் பாட இயலை வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். 'டப்லெட்' என்பதற்குத் தமிழ்தான் பாக்கி. ஒரே மூலச்சொல் ஒரு மொழிக்குள் இரு வழியாக வந்து இரண்டு சொற்களாக நிற்பதே டப்லெட். பாடத்தில் உள்ள சான்று இலத்தீனின் ஃபோகுஸ். அதற்கு அடுப்பு என்று பொருள். நெருப்புக்கு இக்னிஸ் என்ற சொல் இருந்தும் பேச்சில் அது வழக்கொழிந்து, அடுப்பே நெருப்பாகிவிட்டது: இத்தாலியில் ஃபுவோகோ, ஸ்பானியத்தில் ஃபுவேகோ, பிரெஞ்சில் ஃபோ, ருமேனியத்தில் ஃபோக். அப்புறம் 1604இல் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் ஃபோகுஸைக் குவியத்துக்கு, அதாவது ஒளிக்கதிர்கள் கூடும் புள்ளிக்கு, எடுத்தாண்டார். ஸ்பானியத்தில் அதே சொல் நூல்வழியாக ஃபோகோ என்று மறுபடியும் வந்து சேர்ந்தது. தமிழுக்கு ஆசிரியர்–ஆச்சாரியர் என்ற சான்றைத் தந்திருந்தேன். நீங்கள் எழுதிய பதில்களுக்குக் கீழே ஒவ்வொன்றாக மறுமொழி.

> இரட்டைச்சொல் போதாதா?

போதாது. மாணவர்கள் உடனே 'சலசல', 'கலகல' என்று இரட்டைக்கிளவிக்குப் போய்விடுவார்கள்.

> தற்சமம், தற்பவம் இருக்கின்றனவே.

எனக்கும் பிடித்தவைதான். மூலச்சொல் மாறாமல் வந்தால் தற்சமம், திரிந்து வந்தால் தற்பவம். ஃபுவேகோ தற்பவம், ஃபோகோ ஏறக்குறையத் தற்சமம். ஆனால் அவை தனித்தனிப் பெயர்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

> ஆசிரியர் வடசொல் அன்று. ஆசு + இரியர், குற்றத்தை ஓட்டுபவர்.

ஐயா, ஆசிரியர்–ஆச்சாரியர் சான்றையே விட்டுவிடுகிறேன். வகுப்பில் பாதி நேரம் இந்தப் பிரிப்பிலேயே போய்விடும். சிங்கம்–சிம்மம் வைக்கிறேன்: காட்டில் சிங்கம், ராசியில் சிம்மம். ஃபுவேகோவும் ஃபோகோவும் பொருளால் பிரிந்தது இப்படித்தான்.

> ஸ்பானிய ஓகாரும் (வீடு) ஃபோகுஸ் வழி வந்ததே. ஃப அங்கே ஹ ஆகித் தேய்ந்தது; கன்னடத்தில் பால் ஹாலு ஆனதைப் பாருங்கள்.

நல்ல ஒப்புமை. ஆனால் இவை தனித்தனியே நடந்த மாற்றங்கள். இதை வைத்து உறவு தேட வேண்டாம். ஓகார், ஃபோகுஸின் வழிச்சொல்லிலிருந்து வந்தது. நம் கணக்கில் வராது.

பெரும்பாலோர் 'இருவழிச்சொல்' என்கிறீர்கள். எனக்கும் சரி என்றே படுகிறது. பேச்சுவழி, நூல்வழி இரண்டும் பெயரிலேயே தெரிகின்றன. இத்தாலியில் ஃபுவோகோ ஒன்றே நெருப்பையும் குவியத்தையும் குறிக்கிறது. அது பொருள் விரிவுதான், இருவழிச்சொல் ஆகாது என்று விளக்கவும் எளிது.

மூன்று வடிவங்கள் வந்தால் என்ன செய்வது என்று நம் குழுவில் ஓர் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்ன 'ஒருமூலச்சொல்' அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஃபுவோகோ, ஃபுவேகோ போன்ற இனச்சொற்களையும் (ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு மொழிகளில் வந்தவை) உள்ளே இழுத்துவிடுகிறது. இப்போதைக்கு இருவழிச்சொல் என்றே அனுப்புகிறேன். அந்த அம்மாவின் சொல் அடிக்குறிப்பில் இருக்கும். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.