கொம்பன் சுறாக் குட்டிகள் பிறந்ததும் மெலிவது ஏன்?

கடல்நேயன்:
கொம்பன் சுறா, அதாவது சுத்தியல் தலைச் சுறாவின் குட்டிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹவாயில் ஓஅஹு தீவின் கனியோஹே விரிகுடாவுக்குக் கோடைக்காலத்தில் தாய்ச்சுறாக்கள் வந்து குட்டி ஈன்றுவிட்டுப் போய்விடுகின்றன. அங்கே அடையாளமிட்டு விட்டு மறுபடி பிடித்த குட்டிகளில் பல, எடை கூடுவதற்குப் பதில் குறைந்திருந்தனவாம். நிறையக் குட்டிகள் பட்டினியாலேயே சாகின்றன என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இது பிடிபடவே இல்லை. குட்டிகள் வளரும் இடம் என்றால் இரை கொட்டிக்கிடக்க வேண்டாமா? அவை அங்கே என்னதான் சாப்பிடுகின்றன?

சேற்றுநண்டு:
நல்ல கேள்வி. அந்த விரிகுடாவில் 1971இல் வெளியான கிளார்க் என்ற ஆய்வாளரின் ஆய்விலிருந்தே இந்தக் குட்டிகளின் வயிற்றைப் பார்த்து வருகிறார்கள். பெரும்பாலும் உளுவை மீன்களும், கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பும் சின்ன இறால்களும்தான். அந்த இறால் வகைகளில் பல சேற்றில் வளை தோண்டும், சில உளுவைகள் அதே வளையில் குடியிருந்து வாசலில் காவல் நிற்கும். அதனால் ஒரே வயிற்றில் இரண்டும் கிடைப்பதில் எனக்கு வியப்பில்லை.

பிறக்கும்போது இவை அரை மீட்டர் நீளம்தான் இருக்கும். பகலில் விரிகுடாவின் கலங்கலான பகுதியில் கூட்டமாகத் தரையை ஒட்டித் திரியும், இருட்டியதும் பிரிந்து தூரம் போகும், இரை பிடிப்பதும் இரவில்தான் அதிகம். கலங்கலிலும் இருட்டிலும் கண் பெரிதாக உதவாது. தலையின் அடிப்பக்கம் முழுக்கப் பரவியிருக்கும் மின்னுணர்வுத் துளைகள்தான் சேற்றுக்குள் மூச்சுவிடும் இறாலைக் காட்டிக்கொடுக்கின்றன. 2002இல் கஜியுரா, ஹாலண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தக் குட்டிகளைச் சாதாரணத் தலையுள்ள சுறாக் குட்டிகளோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். மின்புலத்தை உணரும் நுட்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தலை அகலமாக இருப்பதால் கொம்பன் குட்டி ஒரே ஓட்டத்தில் அதிகத் தரையைத் துழாவிவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாய் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது சாப்பாட்டுக்காக இல்லை என்பதுதான் என் எண்ணம். குட்டியை விழுங்கக்கூடிய பெரிய சுறாக்கள் அந்த ஆழமற்ற கலங்கல் நீரில் குறைவு. பாதுகாப்பு கிடைக்கிறது, அதற்கு விலையாகப் பசி. ஓர் ஈற்றில் பன்னிரண்டுக்கு மேல், சில சமயம் முப்பதைத் தாண்டியும் குட்டிகள் பிறக்கும், அத்தனையும் ஒரே சேற்றில் ஒரே இறாலைத் தேடினால் போட்டி எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

அலைவரிசை:
பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரை இல்லாமல்தான் மெலிகின்றன என்று அதோடு முடித்துவிட முடியாது. புதிதாகப் பிறந்த குட்டிக்கு வேட்டை சரியாக வராது, சொல்லித்தர தாயும் இல்லை. தாய் வயிற்றிலிருந்து ஈரலில் கொண்டுவந்த கொழுப்பை வைத்துத்தான் முதல் சில வாரங்களை ஓட்டுகிறது, எனவே அந்தக் காலத்தில் கொஞ்சம் எடை குறைவது எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்தச் சேமிப்பு தீர்வதற்குள் பிடிக்கப் பழகாத குட்டிதான் சாகிறது. அதோடு இந்தச் சுறா நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் ஓடும், ஓய்வென்று தரையில் படுக்க முடியாது. செலவு நிற்பதே இல்லை. லோ என்ற ஆய்வாளர் செய்த ஆற்றல் கணக்கும் இவற்றின் அன்றாடத் தேவை அதிகம் என்றே காட்டுகிறது.

கடற்புல்:
ஒன்று சேர்க்கிறேன். எல்லாக் கொம்பன் இனங்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். மேலே பேசுவது ஸ்ஃபிர்னா லெவினி என்ற இனம். பெரிய கொம்பனான மொகர்ரான் வளர்ந்த பிறகு திருக்கையைத் தலையால் தரையோடு அழுத்திக் கடிக்கும். குட்டையான மண்வெட்டித் தலை இனம் திபுரோ நண்டுப் பிரியன், ஆனால் சிலவற்றின் வயிற்றில் எடைக்கணக்கில் பாதிக்கும் மேல் கடற்புல் இருந்திருக்கிறது! தற்செயலாக விழுங்கியது என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2018இல் வெளியான ஆய்வில் 90 சதவீதம் கடற்புல் கலந்த தீனி கொடுத்துப் பார்த்தபோது, புல்லில் உள்ள கரிமப் பொருளில் சுமார் பாதியை அது செரித்துவிட்டது.

கடல்நேயன்:
அருமை, நன்றி. இன்னொன்று: இறந்த குட்டியை அறுத்துத்தான் இதையெல்லாம் பார்க்கிறார்களா? மிக அருகிய இனம் ஆயிற்றே, மனசு கேட்கவில்லை.

சேற்றுநண்டு:
எப்போதும் அப்படி இல்லை. குழாய் வழியாக நீர் செலுத்தி வயிற்றில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு உயிரோடு விட்டுவிடலாம். ஆனால் பல வயிறுகள் காலியாகவே இருக்கும், ஏதாவது இருந்தாலும் கடைசியாகத் தின்றது மட்டும்தான் தெரியும். அதனால் தசையிலோ ரத்தத்திலோ துளி எடுத்து உணவிலிருந்து உடம்பில் சேரும் நைட்ரஜன்-15, கார்பன்-13 என்ற கனமான அணு வகைகளின் அளவைப் பார்க்கிறார்கள். அதில் நீண்டகால உணவு தெரியும். இங்கேதான் கவனம் வேண்டும்: குட்டியின் உடம்பு முழுக்கத் தாய் தின்றதைக் கொண்டு கட்டியது, தாயோ வெளிக்கடலில் கணவாயும் மீனும் தின்றவள். இரண்டு வாரக் குட்டியின் தசையை அளந்துவிட்டு அது கணவாய் தின்கிறது என்று எழுதினால் தப்பாகிவிடும். தொப்புள் வடு ஆறிவிட்டதா என்று பார்த்து வயதைக் கணித்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் ரத்த நீர்மத்தையும் அளக்க வேண்டும், ஏனென்றால் தசையைவிட அது சீக்கிரம் மாறும். கட்டுரை படிக்கும்போது எந்தத் திசுவை எடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.