பூனை மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது: பிடிவாதமா, நோயா?

மெத்தைக்காரி:
பெண் பூனை, 11 வயசு, கருத்தடை ஆனது. மூணு வாரமா மணல் தட்டுப் பக்கமே போறதில்லை. மெத்தை, இல்லன்னா துவைக்கப் போட்ட துணி. டாக்டர்கிட்ட காட்டினேன். சிறுநீரில் கிருமியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ரத்தச் சர்க்கரை மட்டும் 240. "வயசான பிடிவாதம், சர்க்கரையைப் பிறகு பார்க்கலாம்"னு அனுப்பிட்டாங்க. பிடிவாதம்னா மூணு வாரம் முன்னாடி எங்கே இருந்துச்சு?

வாலாட்டி:
மணலை மாத்திப் பாருங்க. வாசனை மணல் வாங்கினப்போ எங்க வீட்டுப் பூனையும் இப்படித்தான் பண்ணுச்சு.

ஊசிக்காரன்:
நான் கால்நடை மருத்துவன். அந்தப் "பிடிவாதம்" நானும் ஒரு காலத்தில் எழுதின வார்த்தைதான். பழக்கம் திடீர்னு மாறினா, காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு நோய்க்குறி.

240ஐப் பார்த்துப் பயப்படாதீங்க. பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறும். சந்தேகம் இருந்தா ஃப்ரக்டோசமைன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, கேளுங்க. அது முந்தின ஒண்ணு ரெண்டு வாரச் சர்க்கரை நிலவரத்தைச் சொல்லும், அந்த நேரப் பதற்றம் அதில் ஏறாது.

எனக்கு வேற சந்தேகம். முன்னாடி எங்கெல்லாம் தாவுவா? இப்பவும் தாவுறாளா? இடுப்புப் பக்கம் திரும்பி நக்க முடியாம முடி சிக்குப் பிடிச்சிருக்கா? எங்க பரிசோதனை மேசையில் பூனை உறைஞ்சுபோய் உட்காரும், நாங்க "சாது"ன்னு குறிச்சுக்குவோம். அங்கே வலி தெரியாது. வீட்டில் வீடியோ எடுங்க.

மெத்தைக்காரி:
எடுத்தேன். ஜன்னல் திட்டுக்கு ஒரே தாவல்ல போறவ, இப்ப நாற்காலி மேல ஏறி, நின்னு, யோசிச்சு, அப்புறம்தான். இடுப்பில் சிக்கு இருக்கு, சோம்பேறின்னு திட்டிட்டு இருந்தேன். தட்டுக்குள்ள முன்காலை வெச்சுட்டுத் திரும்பிடறா.

ஊசிக்காரன்:
தட்டோட விளிம்பு அவளுக்கு மதில். மூட்டுத் தேய்மானமா இருக்கலாம். ஒரு பக்கத்தைத் தரையோட தரையா வெட்டிடுங்க. வீடியோவை டாக்டர்கிட்ட காட்டி, இடுப்பு, முழங்காலுக்கு எக்ஸ்ரே கேளுங்க. கூட்டிட்டுப் போகும்போது பதற்றம் குறைய முன்கூட்டியே காபாபென்டின் மருந்து தரலாமான்னும் கேளுங்க.

முக்கியமா, வலிக்குதேன்னு வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்னுடும்.

மெத்தைக்காரி:
தட்டை வெட்டியாச்சு. ராத்திரி ரெண்டு தடவை உள்ளே போயிருக்கா. மெத்தை மேல பிளாஸ்டிக் விரிப்பை இன்னும் எடுக்கல.