‘சீயிங்’: காண்மையா, வளிநடுக்கமா, வளிமயக்கமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளிக் குப்பையைக் கண்காணிக்கும் தொலைநோக்கிகளுக்கு இடம் தேர்வது பற்றிய பதினொன்றாம் வகுப்புத் துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காற்றின் கலக்கத்தால் விண்மீனின் உருவம் எவ்வளவு துடித்துப் பரவுகிறது என்பதைக் குறிக்கும் ‘சீயிங்’ (seeing) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் முடிவுசெய்வது ஒன்றுதான் பாக்கி.

‘காட்சித்தெளிவு’ என்று முதலில் எழுதியவன் நானே. அதைத் திரும்பப் பெறுகிறேன். பாடத்தில் வரும் இடம் ஸ்பெயினுக்குரிய தெனெரீஃப் தீவின் தெய்தே வானாய்வகம். அங்கே ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில், பெரும்பாலும் மேகங்கள் கீழே தங்கிவிடும் மலைமேட்டில், ஐரோப்பிய விண்வெளி முகமையின் 1 மீட்டர் தொலைநோக்கி குப்பையைத் தேடுகிறது. சகாராப் புழுதி படரும் இரவில் அங்கே வானம் மங்கினாலும் விண்மீன் அசையாமல் நிற்கக்கூடும். துடைத்து வைத்தாற்போன்ற வானத்திலும் அது துடிக்கக்கூடும். முன்னதில் ஒளி குறைகிறது, பின்னதில் ஒளி கலைகிறது. விரைந்தோடும் குப்பைத் துண்டு படத்தில் கோடாக விழும். காற்று அமைதியாக இல்லையென்றால் அக்கோடு அகன்று, மங்கலான துண்டு பின்னணியில் கரைந்துவிடும். ஒளி குறைவதையும் ஒளி கலைவதையும் ‘தெளிவு’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது தவறு.

புலவர் ஐயா முன்வைத்த ‘காண்மை’ இலக்கணப்படி குற்றமற்றது. ஆனால் இந்த அளவை விகலையில் (ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) சொல்கிறோம். 1 விகலை நல்லது, 3 விகலை மோசம். ‘காண்மை குறைந்த இடத்தைத் தேர்க’ என்று எழுதினால் மாணவர் நேர்மாறாகவே புரிந்துகொள்வார். குறையைச் சுட்டும் பெயரே இங்கு வேண்டும். நிலநடுக்கத்தை அறிந்தவருக்கு ‘வளிநடுக்கம்’ விளக்கமின்றியே புரியும் என்பதால் நால்வர் அதை ஆதரித்துள்ளனர். நானும் அப்பக்கமே.

*

ஐயா, வணக்கம்.

காண்மையை விட்டுவிடுகிறேன், வளிநடுக்கத்தை ஏற்க மனம் வரவில்லை. நடுங்குவது விண்மீனின் உருவமே, காற்று கலக்கிறது. ‘நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்’ என்னும் தொல்காப்பிய மரபியல் நூற்பாவில் மயக்கம் என்பது கலப்பே. திணைமயக்கமும் வேற்றுமை மயக்கமும் வகுப்பில் இன்றும் நடத்தப்படுகின்றன. வெம்மையும் தண்மையுமான காற்றுத்திரள்கள் கலப்பதால்தான் ஒளி திசைமாறுகிறது என்றால், ‘வளிமயக்கம்’ இயற்பியலுக்கே நெருக்கமான சொல். மயக்கம் என்றதும் பிள்ளைகளுக்குத் தலைசுற்றல்தான் நினைவுக்கு வரும் என்ற ஆசிரியை அம்மையாரின் கவலையை மதிக்கிறேன். ஆனால் அது ஒரே வகுப்பில் தீரக்கூடியது.

அச்சு நிற்க வேண்டாம். பாடத்தில் வளிநடுக்கம் இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் அதன் பக்கத்தில் வளிமயக்கத்தையும் சேருங்கள். அடுத்த பதிப்பின்போது மீண்டும் கேட்பேன்.